பில் ஃப்ரிஸெல் – 'கோ வெஸ்ட்': படத்தோடு கேட்பதா, தனியாகவா?

ஆறுதந்தி:
நகைச்சுவை நடிகர் பஸ்டர் கீட்டனின் மௌனப் படங்களுக்கு கிட்டார் கலைஞர் ஃப்ரிஸெல் போட்ட இரண்டு ஆல்பங்களையும் (நான்சச் நிறுவனம், 1995) ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாஸில் கெர்மிட் டிரிஸ்கல், டிரம்ஸில் ஜோயி பேரன். மூன்றே பேர். 'பிரவுன் ஐஸ்' (பழுப்புக் கண்கள்) என்ற பகுதி வந்தால் கையிலிருக்கும் வேலை நின்றுவிடுகிறது. நேற்று 'கோ வெஸ்ட்' (1925) படத்தின் ஒலியை அணைத்துவிட்டு ஆல்பத்தைக் கூடவே ஓட்டினேன். பத்து நிமிடத்தில் இசை ஒரு பக்கம், படம் ஒரு பக்கம். நீங்கள் எப்படிச் சேர்க்கிறீர்கள்?

பழையபடம்:
உங்களிடம் இருக்கும் பிரதியின் வேகம் காரணமாக இருக்கலாம். அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். வினாடிக்கு 24 ஃபிரேம் என்று நிலைத்தது பேசும்படம் வந்த பிறகுதான். அதனால் பதிப்புக்குப் பதிப்பு நீளம் மாறும். முதலில் மற்ற ஆல்பத்தில் வரும் கீட்டனின் குறும்படம் 'ஒன் வீக்' (1920) வைத்துப் பாருங்கள். இரண்டே ரீல், அதிகம் விலகாது.

நைலான்தந்தி:
நான் சேர்ப்பதையே விட்டுவிட்டேன்.

'கோ வெஸ்ட்' படத்தில் கீட்டனின் பாத்திரத்துக்குப் பெயரே 'ஃப்ரெண்ட்லெஸ்', நண்பனற்றவன். குளம்பில் சிக்கிய கல்லை எடுத்துவிட்டதும் ஒரு பசு அவனோடு ஒட்டிக்கொள்கிறது. அதுதான் பிரவுன் ஐஸ். சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறாய் என்று இவன் சொன்னதும், எதிராளி துப்பாக்கியை நீட்டி, அதைச் சிரித்துக்கொண்டே சொல் என்கிறான். இவனுக்குச் சிரிப்பு வராது. இரண்டு விரலால் உதட்டின் ஓரங்களைத் தூக்கிக் காட்டுகிறான். அந்த முகத்துக்கு ஏற்ற கை ஃப்ரிஸெல்லுடையது. ஒரு ஸ்வரத்தை மீட்டிவிட்டு அது அடங்கும்வரை காத்திருப்பார். இதோ சோகம், இதோ சிரிப்பு என்று தோளைத் தட்டிச் சொல்லமாட்டார்.

கடைசியில் முதலாளி, என்ன வேண்டுமானாலும் கேள் என்கிறார். அவள் வேண்டும் என்கிறான். முதலாளியின் மகள் தன்னைத்தான் கேட்கிறான் என்று நினைக்கிறாள். அவன் கேட்டது பசுவை! எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும் இடம்.

போன மாதம் ஏழு வயது மகளோடு இந்தப் படத்தைச் சத்தமே இல்லாமல் பார்த்தேன். மறுநாள் காலை தோசை வார்த்துக்கொண்டே ஆல்பத்தைப் போட்டேன். அவள் அதற்குமுன் அந்த இசையைக் கேட்டதில்லை. 'பிரவுன் ஐஸ்' தொடங்கியதும் சமையலறைக்கு வந்து, "அப்பா, இது அந்த மாடுதானே?" என்றாள்.

ஆறுதந்தி:
இதைப் படித்துவிட்டு வேகக் கணக்கை மூடிவைத்தேன். இன்றிரவு 'ஒன் வீக்', ஒலி இல்லாமல். ஆல்பம் நாளைக்கு.