கரண்ட் போனால் மட்டும் மாடி சுவிட்சுகள் ஹப்போடு பேசுவதில்லை

கொசப்பேட்டை மகள்:
வணக்கம். வேலூர் கொசப்பேட்டையில் எங்கள் வீடு. கீழ்த்தளம் தாத்தா கட்டியது, ஒன்றரை அடிச் செங்கல் சுவர். மாடியில் இரண்டு அறை பின்னால் எடுத்தது.

நைனாவுக்கு 76 வயது. கண்புரை ஆபரேஷன் முடிந்தும் இருட்டில் படி சரியாகத் தெரிவதில்லை. மேலே படுத்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும், பாத்ரூமோ கீழேதான். ராத்திரி இரண்டு முறையாவது இறங்கி வருவார். அதற்காகவே சுவிட்ச் போர்டுகளுக்குள் ஆறு ஜிக்பீ மாட்யூல் (ஒயர் இல்லாமல் ரேடியோவில் கட்டளை வாங்கி விளக்கை இயக்கும் சின்னப் பெட்டி) போட்டேன், மேலே மூன்று, கீழே மூன்று. மாடிக் கதவில் ஒரு சென்சார். கதவு திறந்ததும் படிக்கட்டு விளக்கு எரிய வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் கட்டளை கொடுக்கும் ஹப் என்பது கீழே முன் அறையில் ஒரு பழைய மினி பிசி, அதில் ஹோம் அசிஸ்டென்ட் என்ற மென்பொருள், பின்னால் யுஎஸ்பியில் செருகிய ஜிக்பீ டாங்கிள், அதுதான் ரேடியோ.

கரண்ட் இருக்கும்போது சில சமயம் மூன்று நான்கு நொடி தாமதம், ஆனாலும் எரிந்துவிடும். கரண்ட் போனால் மேலே உள்ள மூன்றும் ஹப்புக்குப் பதிலே சொல்வதில்லை. கரண்ட் வந்து கால் மணி நேரம் கழித்துத்தான் வழிக்கு வருகின்றன. இத்தனைக்கும் அந்த மூன்று விளக்கும் இன்வெர்ட்டரில்தான் இருக்கின்றன, சுவரில் கையால் அழுத்தினால் எரிகின்றன. ஹப்பும் வைஃபை ரூட்டரும்கூட இன்வெர்ட்டரில்தான்.

மாட்டிக்கொடுத்தவர் மாட்யூல் பழுது என்று சொல்லி இரண்டை மாற்றினார். அதற்கும் காசு கொடுத்தேன். ஒன்றும் மாறவில்லை. போன வாரம் கரண்ட் இல்லாத நேரத்தில் நைனா இரண்டு படி தவறி இறங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எந்த நேரத்தில் வெளிச்சம் கட்டாயம் வேண்டுமோ அந்த நேரத்தில்தான் இது வேலை செய்வதில்லை. தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

காட்பாடி அலைவரிசை:
அக்கா, முதலில் டாங்கிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். யுஎஸ்பி 3 போர்ட் பெரும்பாலும் உள்ளே நீலமாக இருக்கும். அது வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் ரேடியோ இரைச்சல் கிளப்பும், ஜிக்பீயும் அதே இடத்தில்தான் பேசுகிறது. கறுப்பு போர்ட்டுக்கு மாற்றி, ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிள் போட்டு டாங்கிளைப் பெட்டியிலிருந்து தள்ளி வையுங்கள்.

அடுத்தது சேனல், அதாவது ரேடியோ பேசும் அலைவரிசையின் எண். ஜிக்பீ 11இலும் வைஃபை 1இலும் இருந்தால் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று விழும். வைஃபையை 1லோ 6லோ நிறுத்திவிட்டு ஜிக்பீயை 25க்குக் கொண்டு போங்கள். சேனல் மாற்றினால் சில மாட்யூலை மறுபடி சேர்க்க வேண்டி வரலாம், பகலில் செய்யுங்கள்.

கொசப்பேட்டை மகள்:
தம்பி, நீங்கள் சொன்ன இரண்டையும் செய்தேன். டாங்கிள் நீல போர்ட்டில்தான் இருந்தது. வைஃபை 1, ஜிக்பீ 11, அப்படியே நீங்கள் சொன்ன மாதிரி. இப்போது தாமதம் சுத்தமாகப் போய்விட்டது, கதவைத் திறந்த கையோடு விளக்கு எரிகிறது. ரொம்ப நன்றி.

ஆனால் நேற்று சாயங்காலம் காற்றும் மழையும் வந்து நாற்பது நிமிடம் கரண்ட் இல்லை. மேலே மூன்றும் மறுபடி காணாமல் போய்விட்டன.

ராணிப்பேட்டை வயர்மேன்:
தங்கச்சி, மேலே மூன்றும் இன்வெர்ட்டர் லைன் என்று சொன்னீர்கள். கீழே மூன்று எந்த லைன் என்று சொல்லவில்லையே? அதைப் பாருங்கள்.

ஜிக்பீயில் எல்லா சுவிட்சும் ஹப்போடு நேராகப் பேசாது. நியூட்ரல் கொடுத்து மாட்டிய மாட்யூல் பெரும்பாலும் தானும் ஒரு ரிப்பீட்டர், பக்கத்தில் இருப்பதன் செய்தியை வாங்கி அடுத்ததுக்குக் கைமாற்றும். உங்கள் ஒன்றரை அடிச் சுவரைத் தாண்டி மாடிச் செய்தி ஹப்புக்கு வர நடுவில் ஒரு மாட்யூல் தோள் கொடுத்துக்கொண்டிருக்கும். அது ஈபி லைனில் இருந்தால், கரண்ட் போன அடுத்த நொடி அது செத்துவிடும். மேலே மூன்றும் உயிரோடு இருந்தும் பேச வழி இல்லை. கரண்ட் வந்ததும் வழியை மறுபடி தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும்.

ஹோம் அசிஸ்டென்டில் நெட்வொர்க் படம் ஒன்று வரும். கோடுகள் எந்த மாட்யூலில் போய்ச் சேர்கின்றன என்று பாருங்கள். இருபது வருடமாக இன்வெர்ட்டர் லைன் பிரித்துக் கொடுக்கிறேன். இரண்டு ஃபேன், நான்கு லைட் என்று எண்ணித்தான் எல்லாரும் கேட்பார்கள். எந்த லைட்டை விட்டார்கள் என்று பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கொசப்பேட்டை மகள்:
அண்ணா, படத்தைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. மேலே இருந்து வரும் மூன்று கோடும் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன: சாமி அறை.

எங்கள் சாமி அறை படிக்கட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. இன்வெர்ட்டர் போட்ட அன்று அம்மா, "அங்கேதான் எப்போதும் விளக்கு எரியுதே, அதுக்கு எதுக்கு?" என்று சொல்லி அந்த லைட்டை விடச் சொன்னார். அம்மா தவறிப் போய் நான்கு வருடம் ஆகிறது. கீழே மற்ற இரண்டும் இன்வெர்ட்டரில் இருக்கின்றன, ஆனால் இரண்டும் முன் அறைப் பக்கம். நடுவில் சாமி அறை மாட்யூல் ஒன்றுதான்.

குடியாத்தம் வாசகன்:
ஒயரைத் தொட வேண்டாம் என்றால், ரிப்பீட்டராக வேலை செய்யும் ஜிக்பீ ஸ்மார்ட் பிளக் ஒன்றை வாங்கி, படிக்கட்டுப் பக்கம் இன்வெர்ட்டர் சாக்கெட்டில் செருகிவிடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஓடுகிறது. செருகியதை யாரும் பிடுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ராணிப்பேட்டை வயர்மேன்:
அதுவும் சரிதான். ஆனால் பெரியவர் நடமாடும் வழி, சுவருக்குள் இருப்பதே நல்லது. சாமி அறை லைட்டை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றச் சொல்லுங்கள். மாட்யூல் ஒரு வாட்கூட இழுக்காது, எல்இடி பல்பும் சின்னது, பேட்டரிக்குப் பாரம் இல்லை.

வருகிறவரிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். சிவப்பு ஒயரை (ஃபேஸ்) மட்டும் மாற்றிவிட்டுக் கறுப்பை (நியூட்ரல்) பழைய இடத்திலேயே விடக் கூடாது. எந்த லைனிலிருந்து ஃபேஸ் எடுக்கிறாரோ அதே லைனின் நியூட்ரலும் வர வேண்டும். கலந்துவிட்டால், வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டை வெட்டும் சுவிட்ச்) இருந்தால் அது ட்ரிப் ஆகிக்கொண்டே இருக்கும். மெயினை மட்டும் இறக்கினால் போதாது, இன்வெர்ட்டரையும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

கொசப்பேட்டை மகள்:
அண்ணா, முடிந்தது. இந்த முறை வேறு ஒருவரை அழைத்தேன். நீங்கள் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். பக்கத்துப் படிக்கட்டு போர்டிலேயே இன்வெர்ட்டர் லைன் இருந்தது, சிவப்பும் கறுப்பும் சேர்த்து இழுத்தார். அரை மணி நேர வேலை. பிளேட்டைக் கழற்றியபோது உள்ளே கற்பூரப் புகை படிந்து மாட்யூலின் ஓரம் கறுத்திருந்தது, அதையும் துடைத்துவிட்டார்.

ராத்திரி ஒன்பது மணிக்கு நானே மெயினை இறக்கினேன். தெரு விளக்கு வெளிச்சம்கூட உள்ளே வராதபடி ஜன்னலைச் சாத்திவிட்டு, கீழே நின்று நைனாவைக் கூப்பிட்டேன். மாடிக் கதவு திறந்தது. அவர் முதல் படியில் கால் வைப்பதற்குள் விளக்கு எரிந்தது. நடுப்படியில் நின்று, "கரண்ட் வந்துடுச்சா?" என்று கேட்டார். இல்லை நைனா என்றேன். இன்னும் பத்து நிமிடம் மெயினை ஏற்றாமலே விட்டு, மூன்று முறை ஏறி இறங்கச் சொன்னேன். மூன்று முறையும் எரிந்தது.