பழைய வாரியக் குடியிருப்பை இடித்து உயரமாகக் கட்டலாமா?

தென்சென்னைவாசி:
எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள பழைய குடிசை மாற்று வாரியக் குடியிருப்பை இடித்துவிட்டு, இன்னும் அதிக வீடுகளோடு உயரமாகக் கட்டப் போவதாகப் பேச்சு. நான் எதிர்க்கிறேன். ஏழைகள் மேல் எனக்கு வெறுப்பில்லை. இப்போதே மழை வந்தால் சாக்கடை மூடியைத் தள்ளிக்கொண்டு கழிவுநீர் பொங்குகிறது. கோடையில் லாரித் தண்ணீர்தான். இதற்கு மேல் எத்தனை குடும்பத்தை இந்தத் தெரு தாங்கும்? புறநகரில் நிலமா இல்லை?

கூவக்கரை:
எங்களைப் போன்றவர்களைப் புறநகருக்குத்தானே அனுப்பினார்கள்! 2000 வாக்கில் கண்ணகி நகர், அப்புறம் செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்களைக் கொண்டுபோய் விட்ட பெரும்பாக்கம், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய இடம். அங்கேயும் வெள்ளம் வருகிறது. என் அம்மா மயிலாப்பூரில் மூன்று வீடுகளில் வேலை பார்த்தார். அங்கே போன பிறகு, விடியற்காலை பஸ் பிடித்தும் வாசல் தெளிக்கும் நேரத்துக்கு வந்து சேர முடியவில்லை. ஒவ்வொன்றாக மூன்று வேலையும் போய்விட்டது.

சைட் இன்ஜினியர்:
கணக்கைப் பாருங்கள். 2019 கட்டட விதிப்படி சாதாரண உயரக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2; அதாவது மனையின் பரப்பைப் போல இரண்டு மடங்கு கட்டலாம். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி; அதில் 4,800 சதுர அடி கட்டலாம். உயர்மாடிக்கு 3.25 வரை உண்டு, ஆனால் சாலை அகலமாக இருக்க வேண்டும். நம் உள்தெருக்களுக்கு அது எட்டாது. அந்த 4,800 அடியில் 400 அடி வீடுகளாகப் பத்துப் பன்னிரண்டு கட்டலாம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கழிவறை, தனிச் சமையலறை, தனிக் குழாய் என்று அடிக்கு ஆகும் செலவு ஏறும். எந்த பில்டரும் 1,200 அடியில் நான்கு வீடு கட்டி வசதியானவர்களுக்குத்தான் விற்பார். இன்றைய நில விலையில் கூலி வேலை செய்பவருக்குக் கட்டுப்படியாகும் வீடு தனியாரிடமிருந்து வராது. 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் அன்றைக்கே நகருக்குள் பிடித்துவைத்த மனைகளில்தான் புதிதாக நிலம் வாங்க வேண்டியதில்லை. அதையும் தடுத்தால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

தென்சென்னைவாசி:
சரி, நிலத்தைப் பற்றிச் சொல்வது புரிகிறது. முதலில் குழாயைப் பெரிதாக்கட்டும், பிறகு கட்டட்டும். தரமும் வேண்டும். புளியந்தோப்பு கே.பி. பார்க் வாரியக் குடியிருப்பில் 2021-ல் புதுக் கட்டடத்தின் பூச்சு கை பட்டதும் உதிர்ந்ததை ஊரே பார்த்தது.

கூவக்கரை:
குழாய் கேட்டு மனு எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் உங்கள் தெருவில் தனிவீடுகளை இடித்து ஃபிளாட் எழும்பியபோது, குழாய் வரும்வரை நிறுத்துங்கள் என்று யாராவது சொன்னார்களா? வாரிய வீடு என்றதும்தான் சாக்கடை நினைவுக்கு வருகிறது.

மூன்றாம் மாடி:
நான் அப்படி ஒரு குடியிருப்பில்தான் இருக்கிறேன். எங்கள் பயமே வேறு. காலி செய்யும் குடும்பத்துக்கு 24,000 ரூபாய் தருகிறார்கள். கட்டி முடிக்க இரண்டு மூன்று வருடம் ஆனால், பக்கத்தில் வாடகைக்கு அது எத்தனை மாதம் வரும்? பிள்ளைகளின் பள்ளி இங்கேதான் இருக்கிறது. ஒரே ஒதுக்கீட்டு வீட்டில் பெற்றோர், அண்ணன் குடும்பம், தம்பி குடும்பம் என்று மூன்று அடுப்பு எரிகிறது. புதுக் கட்டடத்தில் மூவருக்கும் வீடு உண்டா, ஒருவருக்குத்தானா? இதை எழுதிக் கொடுக்காமல் யாரும் சாவியைத் தர மாட்டோம்.