போர்ச்சுகீசியரின் கட்டாய உழைப்பும் ஆப்பிரிக்க விடுதலை எழுச்சியும்

வேதாளை மாணவி:
எங்கள் ஊர்க் கடலில் 1538-இல் மரைக்காயர் படைக்கும் போர்ச்சுகீசியருக்கும் நடந்த போரைப் பற்றிப் படித்து வருகிறேன். இக்கரையில் முத்துக்குளிப்பையும் கப்பல் வணிகத்தையும் கைப்பற்ற முயன்றவர்கள், அங்கோலாவிலும் மொசாம்பிக்கிலும் மக்களையே பிடித்துச் சென்று கட்டாய வேலை வாங்கியது எவ்வாறு? அங்கு மூண்ட எதிர்ப்பு அந்தக் கொடுமையிலிருந்து எழுந்ததா, படித்த தலைவர்கள் உருவாக்கியதா?

கீழக்கரை ஆசிரியர்:
நம் பகுதியில் உள்நாடு நாயக்கர், சேதுபதி மன்னர்களின் கையில் இருந்ததால் போர்ச்சுகீசியரால் கரையைத் தாண்ட இயலவில்லை. ஆப்பிரிக்காவில் நெடுங்காலம் அடிமை வணிகம் நடத்திய அவர்கள், ஐரோப்பிய நாடுகள் ஆப்பிரிக்காவைப் பங்கிட விதிகள் வகுத்த 1884-85 பெர்லின் மாநாட்டிற்குப் பிறகே படை நடத்தி உள்நாட்டைப் பெருமளவு பிடித்தனர். அடிமை முறை 1869-இல் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டிருந்தும், உழைப்பது ஆப்பிரிக்கரின் கடமை என்றும் மறுப்பவரைக் கட்டாயப்படுத்தலாம் என்றும் 1899-இல் சட்டம் இயற்றினர். வரி கட்ட வழியற்றவரும் வேலைக்கு இழுக்கப்பட்டனர். அரசு ஆய்வாளரான என்ரிக்கே கல்வாவோ 1947-இல் அளித்த அறிக்கையில், இறந்தவர்களுக்கு மட்டுமே இவ்வேலையிலிருந்து விலக்கு உண்டு என்று எழுதினார். அவ்வரசின் அதிகாரியே எழுதிய இவ்வரியை எவரும் எளிதில் கடந்து செல்ல முடியாது.

தொண்டி வாசகர்:
ஆசிரியர் ஐயா கூறியதோடு மாணவியின் இரண்டாம் கேள்விக்கும் விடை சேர்க்க விரும்புகிறேன். 1959 ஆகஸ்ட் 3 அன்று, மேற்கு ஆப்பிரிக்காவில் போர்ச்சுகீசியர் ஆண்ட கினியாவின் பிசாவ் துறைமுகத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் சுடப்பட்டனர். அதன் பின்னரே, கினியாவின் விடுதலைக்குப் போராடிய அமில்கார் கப்ராலின் கட்சி, நகரப் போராட்டத்தை விட்டுக் கிராமங்களைத் திரட்டி ஆயுதப் போருக்கு ஆயத்தமாக முடிவு செய்தது. வேளாண் வல்லுநரான கப்ரால், கினியாவின் விவசாயக் கணக்கெடுப்புக்காக முன்பே ஊர் ஊராகச் சென்று உழவர்களின் நிலையை அறிந்தவர். ஆகவே தலைவரையும் உழைப்பாளரையும் பிரித்துப் பார்ப்பது சரியாகாது என்பது என் உறுதியான கருத்து. அங்கோலாவில், கொட்டோனாங் நிறுவனத்திற்காகப் பருத்தி பயிரிடக் கட்டாயப்படுத்தப்பட்ட கசாஞ்சே பகுதி உழவர்கள் 1961 ஜனவரியில் வேலையை மறுத்து எழுந்தபோது, அரசு விமானங்கள் அவர்களின் ஊர்கள் மீது குண்டு வீசின. பிப்ரவரி 4 அன்று தலைநகர் லுவாண்டாவின் சிறையைக் கிளர்ச்சியாளர்கள் தாக்கினர். மார்ச்சில் வடபகுதி முழுவதும் கிளர்ச்சி பரவியது.

வேதாளை மாணவி:
இருவருக்கும் நன்றி. எழுச்சிக்குப் பின்னராவது கட்டாய உழைப்புச் சட்டம் நீக்கப்பட்டதா, ஐயா?

கீழக்கரை ஆசிரியர்:
ஆம். பூர்வகுடிகளுக்குக் குடியுரிமை மறுத்த சட்டம் 1961-இலும், கட்டாய உழைப்புக்கு இடமளித்த தொழிலாளர் சட்டம் 1962-இலும் நீக்கப்பட்டன. ஆயினும் ஆட்சி விலகாததால் கினியாவில் 1963-இலும் மொசாம்பிக்கில் 1964-இலும் போர் தொடங்கியது. அப்போர்களால் சலித்த இராணுவ அதிகாரிகள் 1974 ஏப்ரல் 25 அன்று போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில் அரசைக் கவிழ்த்தனர். அடுத்த ஆண்டு மொசாம்பிக்கும் அங்கோலாவும் விடுதலை பெற்றன.