பிரதேச சபை ரோட்டு கொந்தராத்து, ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) விஷயம் தெரிஞ்சவங்க உதவுங்க

நுவரெலியா மாவட்டம், எங்க தோட்டம். மார்ச்ல மேல் லயத்துலருந்து புள்ள மடுவம் (புள்ளைகள பாத்துக்குற எடம்) வரைக்கும் 180 மீட்டர் கொங்கிரீட் போட்டாங்க, ஜூன் மழைக்கே பேந்துருச்சு. ஒடஞ்ச எடத்துல மகளோட ஸ்கேல வச்சு அளந்தேன், ரெண்டரை இஞ்சிதான், வேலை விபரம் எழுதி வச்ச போர்டுல நாலு இஞ்சினு போட்ருந்துச்சு (இப்ப அந்த போர்டும் இல்ல, நல்லவேளை போட்டோ இருக்கு).

மெம்பர்கிட்ட சொன்னேன், டீஓவ (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) பாக்க மூணு தடவ போனேன், எப்பவுமே பீல்டுக்கு போய்ட்டாராம். எத்தன பேரு டெண்டர் போட்டாங்கனும் யாருக்கும் தெரியல. சின்ன வேலைய டெண்டர் இல்லாம ஊர்ச் சங்கத்துக்கு நேரா குடுக்கலாம்ங்கிறாங்க, ஆனா இது கொந்தராத்துக்காரர் செஞ்சது.

கடைசியா 2016ம் ஆண்டு 12ம் இலக்க தகவல் சட்டத்துல விலைமனு, பில், அளவுப் புத்தகம் மூணுக்கும் கொப்பி கேட்டேன். 14 வேலை நாள் முடியிற அன்னைக்கு பதில் வந்துச்சு, எல்லாமே 'வர்த்தக இரகசியம்'னு ஒரே வரி. வேலை முடிஞ்சு காசும் குடுத்த ரோட்ல என்ன ரகசியமோ. மேன்முறையீட்டுக்கு 14 நாள்ல இன்னும் 5 நாள்தான் இருக்கு.

அந்த ஒரு வரிய மறுத்து குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு எப்படி எழுதணும், இதே காரணத்த தாண்டி தகவல் எடுத்தவங்க யாராவது இருக்கீங்களா?