அத்தையின் மடிக்கணினிக்குப் புது டிஸ்க்: சுங்கை சிப்புட் உறவுகள் குழு

செல்வி அத்தை: குணா, தோட்டத்துக் கோயில் கணக்கு இருக்கும் மடிக்கணினி திறப்பதற்குள் சோறே வெந்துவிடுகிறது. ஈப்போவில் ஒரு கடையில் காட்டினேன். பழைய டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி என்ற வேகமான டிஸ்க் போட்டால் வேகம் வருமாம். ஆனால் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் விண்டோஸ் ஏற்றுவார்களாம்.

குணா: அழிக்கத் தேவையில்லை அத்தை. இருக்கிற விண்டோஸை அப்படியே புது டிஸ்குக்கு மாற்றலாம். குளோன் செய்வது என்பார்கள்.

ராஜு மாமா: இதற்கு எதற்கு ஆர்ப்பாட்டம்? சி டிரைவைத் திற, காப்பி, பேஸ்ட், முடிந்தது.

குணா: கோப்புகள் போகும் மாமா, கணினி எழுந்திருக்காது. டிஸ்கில் இஎஃப்ஐ என்று பெரும்பாலும் 100 எம்பி அளவில் ஒரு மறைவான பகுதி இருக்கும். சுவிட்சைப் போட்டதும் கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டு தேடுவது அதைத்தான். காப்பி, பேஸ்டில் அது வராது. ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் தன் கோப்புகள் பலவற்றைத் தொடவும் விடாது.

ராஜு மாமா: சரி. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் 2 டிபி எஸ்எஸ்டி 40 ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது, அதையாவது வாங்கலாமா?

குணா: வேண்டவே வேண்டாம்! அந்த விலைக்கு உண்மையான 2 டிபி வராது. அளவைப் பொய்யாகக் காட்டும் சரக்கு அது; நிரம்பியதும் பழைய கோப்புகளின் மேலேயே எழுதிக்கொண்டு போகும்.

செல்வி அத்தை: கடையில் 500 ஜிபி காட்டினார்கள். என் பழைய டிஸ்க் 1 டிபி. பெரியது சின்னதற்குள் எப்படி நுழையும்?

குணா: எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதுதான் கணக்கு. 200 ஜிபி என்றால் தாராளம். குளோன்ஸில்லா என்ற குளோன் மென்பொருள் இலவசம்தான், ஆனால் புது டிஸ்க் சிறியதாக இருந்தால் முரண்டு பிடிக்கும். சாம்சங் போன்ற நிறுவனங்கள் தங்கள் எஸ்எஸ்டிக்கென்றே மென்பொருள் தருகின்றன, உங்களுக்கு அது எளிது. பிறகு, 500 என்பதை விண்டோஸ் 465 என்றுதான் காட்டும். கடைக்காரரோடு சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

மாலதி: அத்தை, தீபாவளிக்கு வந்தபோது அதிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்ததே?

குணா: அப்படியா? அப்படியானால் குளோன் பிறகு. முதலில் கோயில் கணக்கையும் படங்களையும் வெளி டிஸ்கில் எடுத்து வையுங்கள், இன்றைக்கே. குளோன் மணிக்கணக்கில் இடைவிடாமல் படிக்கும். உயிர் ஊசலாடும் டிஸ்க் அதைத் தாங்காமல் பாதியிலேயே போய்விடலாம்.

ராஜு மாமா: சாயங்காலம் இடி இடித்து மின்சாரம் போனால்?

குணா: நல்ல கேள்வி. காலையில் தொடங்கிவிடுவோம், பேட்டரியும் நிரம்பியிருக்கட்டும். நின்றுபோனாலும் பழையதைப் படிக்க மட்டுமே செய்கிறோம், மறுபடி தொடங்கலாம். எனக்குப் பயம் இடி இல்லை, அவசரம்தான். எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் கணக்கின் மேல் ஏறிவிடும். பெயரையும் அளவையும் பார்க்காமல் பொத்தானை அழுத்தக் கூடாது.

மாலதி: டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால்?

குணா: போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். பெரும்பாலும் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். விண்டோஸ் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது, புதிதாக வாங்க வேண்டியதில்லை.

செல்வி அத்தை: அப்படியே விண்டோஸ் 11 வந்துவிடுமா?

குணா: வராது. இருக்கும் 10தான் போகும். அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. உங்களுடையது ஏழாம் தலைமுறை இன்டெல். 11 கேட்பது பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்து. இந்த டிஸ்க் வேகத்தைத் தரும், பாதுகாப்பைத் தராது. வங்கி வேலையை அதில் செய்யாதீர்கள்.

செல்வி அத்தை: சனிக்கிழமை வருகிறாயா?

குணா: வருகிறேன். முதல்முறை திறக்கும்போது பழைய டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் திறப்பேன். இரண்டும் ஒரே அடையாளத்தோடு இருந்தால் விண்டோஸ் குழம்பும்.

செல்வி அத்தை: பழையதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

குணா: டக் டக் டிஸ்கையா? அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது? அலமாரியில் கிடக்கட்டும் அத்தை.

ராஜு மாமா: என்னிடம் சின்ன ஸ்க்ரூ டிரைவர் இருக்கிறது. கொண்டுவருகிறேன்.