சென்னை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் நீங்கள் பார்த்தது என்ன? அனுபவத்தைச் சொல்லுங்கள்

மேடவாக்கம்வாசி:
நானே ஆரம்பிக்கிறேன். பதினோரு வருடமாகத் துரைப்பாக்கம் - பல்லாவரம் ரேடியல் ரோட்டில்தான் ஆபீஸ் போகிறேன். சதுப்பு நிலம் வந்தால் கார் கண்ணாடியை ஏற்றுவதோடு சரி. பெருங்குடி குப்பைமேட்டு நாற்றம் அப்படி. தண்ணீர் வற்றத் தொடங்கிய ஒரு காலையில் டயர் பஞ்சராகி ஓரமாக நின்றேன். கோரைக்கு அந்தப் பக்கம் வெள்ளையாக ஒரு கூட்டம், அதில் ரோஸ் பூசினாற்போல் சிறகுகள். பூநாரை! வாயைப் பிளந்து நின்றவனைப் பார்த்துப் பஞ்சர் ஒட்ட வந்த பையன், “இதுங்க எப்பவும் வரும் சார், நீங்க பாத்ததில்லையா?” என்றான். இல்லை தம்பி, பார்த்ததில்லை.

பழைய வேளச்சேரி:
தம்பி, நீங்கள் பார்த்தது மிச்சம் மீதிதான். எங்களுக்கு அது கழுவெளி. சின்ன வயதில் மாடு ஓட்டிப்போவோம், கோரை அறுப்போம், மழை விட்டதும் மீன் பிடிப்போம். ஒரு காலத்தில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்தது என்பார்கள். 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தபோது கணக்கு சுமார் 1,248 ஹெக்டேர். அதற்கு முன்னால் 2007இல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள். மரமே இல்லாத இடத்துக்குக் காடு என்று பெயரா என நானும் சிரித்தவன்தான். ஆனால் அந்தப் பெயர் விழுந்த பிறகுதான் லாரி லாரியாக மண் கொட்டுவதைத் தட்டிக்கேட்க ஆள் வந்தது.

ஒன்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள். சுற்றிலும் சுமார் 250 சதுர கிலோமீட்டரில் பெய்யும் மழை இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு என்ற ஓடை வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, கோவளத்தில் கடலைச் சேர வேண்டும். தங்க இடம் இல்லையென்றால் எங்கே போகும்? எங்கள் தெருவுக்குத்தான். 2015 வெள்ளத்தில் பார்த்தோமே.

பெரும்பாக்கம் இரண்டாவது மாடி:
ஐயா, திட்டாதீர்கள், அந்த மண் கொட்டிய இடத்தில் நானும் ஒருத்தியாகக் குடியிருக்கிறேனோ என்னவோ. ஃபிளாட் விற்றவர்கள் கொடுத்த நோட்டீஸில் பறவை படம் போட்டிருந்தது, அதில்தான் மயங்கினேன். வில்லங்கச் சான்றிதழ் முப்பது வருடத்துக்குப் பார்த்தோம். அதற்கு முன்னால் தண்ணீர் இருந்ததா என்று யாரைக் கேட்பது?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பார்க்கிங்கில் இடுப்பளவு தண்ணீர். மூன்றாம் நாள் காம்பவுண்டு சுவர்மேல் ஒரு நீலத் தாழைக்கோழி, நீல உடம்பும் சிவப்பு அலகுமாக, வாடகை வசூலிக்க வந்ததுபோல் நிதானமாக நடந்தது. அதை அத்தனை கிட்டத்தில் பார்த்தது அன்றுதான். அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில், கொசு வருகிறது, எதிரே இருக்கிற கோரையை வெட்டச் சொல்லி மனு கொடுக்கலாம் என்றார்கள். நான் கையெழுத்துப் போடவில்லை. இன்றுவரை லிஃப்டில் இரண்டு பேர் பேசுவதில்லை.

மேடவாக்கம்வாசி:
ஞாயிறு காலை சூழல் பூங்காவுக்குப் போகலாமா? என்னிடம் ஒரு பைனாகுலர்தான் இருக்கிறது, மாற்றி மாற்றிப் பார்க்கலாம்.

பழைய வேளச்சேரி:
வருகிறேன். முட்டி வலி, மெதுவாகத்தான் நடப்பேன். அந்த அம்மாவையும் வரச்சொல்லுங்கள், மாடு மேய்த்த இடம் எதுவரை என்று காட்டுகிறேன்.