பொருள்: போலியா, கவறா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

சென்னையிலிருந்து, மொழிபெயர்ப்புப் பொறுப்பாளர்:

அன்புள்ள நண்பர்களுக்கு, வீடியோ கேம்களில் அடுத்து வரப்போகும் எண்ணைக் கணித்துச் சொல்லும் நிரலகம் (பிற நிரல்கள் எடுத்தாளும் நிரல்தொகுப்பு) ஒன்றின் கையேட்டைத் தமிழாக்கி வருகிறோம். வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். முதல் பக்கத்திலேயே, pseudorandom number என்பதற்குச் சொல் கிடைக்காமல் நிற்கிறோம்.

2004இல் வந்த போக்கிமான் எமரால்ட் என்ற விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய எண்ணை 1103515245ஆல் பெருக்கி, 24691ஐக் கூட்டி, கடைசி 32 பிட்டுகளை (இரும இலக்கங்களை) மட்டும் வைத்துக்கொண்டால் அடுத்த எண். விளையாட்டுக் கருவியை எப்போது இயக்கினாலும் தொடக்கம் 0தான். ஆகவே முதலில் வருவது 24691. அதன்பின் வருபவை எல்லாம் முன்பே முடிவானவை. விநாடிக்குச் சுமார் 60 முறை எண் நகர்கிறது. எந்தக் கணத்தில் பொத்தானை அழுத்தினால் விரும்பியது கிடைக்கும் என்று சொல்லிவிடலாம். வெளிப்பார்வைக்குத் தற்செயல், உள்ளே வெறும் கணக்கு. ‘போலிச் சமவாய்ப்பு எண்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?

யாழ்ப்பாணத்திலிருந்து, கணித ஆசிரியர்:

எங்கள் பாடநூல்களில் ‘சமவாய்ப்பு’க்குப் பதில் ‘எழுமாற்று’ என்பதே வழக்கு. அந்த விளையாட்டில் நிறம் மாறிய போக்கிமான் (அதில் வரும் கற்பனை உயிரினம்) தோன்றும் வாய்ப்பு 8192இல் ஒன்று. அதில் சமம் எங்கே? சேர்த்து எழுதினால் ‘சமவாய்ப்பெண்’ ஆகும். குற்றியலுகரம் கெட்டபின் பிள்ளைகளின் கண்ணுக்குப் பெண்தான் தெரிவாள்.

கோவையிலிருந்து, கணினி விரிவுரையாளர்:

ஐயா, எண்கள் சமமாகத்தான் வருகின்றன. வந்த எண்ணை வைத்து எது அரிது என்று தீர்மானிப்பது அதற்கு அடுத்த படி. தமிழ்நாட்டு மாணவர்கள் ‘சமவாய்ப்பு மாறி’ என்றே படிக்கிறார்கள். விரித்து எழுதினால் போயிற்று. எனக்கு உறுத்துவது ‘போலி’தான். போலி மருந்து, போலிச் சான்றிதழ் என்று தினமும் செய்தி படிக்கிறவர்கள் இதையும் மோசடி என்றே நினைப்பார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

அம்மா, நன்னூலார் சொல்லும் போலியை நினைத்துப் பாருங்கள். அறம், அறன் ஆகிறது. பந்தல், பந்தர் ஆகிறது. ஓர் எழுத்தின் இடத்தில் இன்னொன்று நின்றும் பொருள் கெடுவதில்லை. இந்த எண்களும் தற்செயலின் இடத்தில் நின்று அதன் வேலையைச் செய்கின்றன. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது.

மதுரையிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

இரண்டும் வேண்டாம். சூதாட உருட்டும் காயைக் குறிக்கும் கவறு இருக்க ஏன் கடன்? ‘கவறும் கழகமும் கையும் தருக்கி’ என்றார் வள்ளுவர். கவறு + எண் = கவற்றெண். கயிறு, கயிற்று ஆவதுபோல் இயல்பான புணர்ச்சி. கவை, கவடு, கவர் எல்லாம் பிளவைக் குறிப்பவை. கவறும் அந்தக் குடும்பம் என்றே கருதுகிறேன். ஒரு வீச்சில் பல வழிகள் பிரிகின்றன அல்லவா? நளன் கதையில் வரும் மன்னன் இருதுபன்னனையும் மறக்க வேண்டாம். தான்றி மரத்தின் காய்களைப் பார்த்த அளவில் எண்ணிச் சொன்னவன் அவன். தான்றிக் கொட்டைகளே அக்காலத்துக் கவறு. அந்த எண்ணறிவைக் கற்ற பிறகுதான் நளன் புட்கரனைச் சூதில் வென்றான். இந்த நிரலகம் செய்வதும் அதுவே.

கோவையிலிருந்து:

நளன் கதைப் பொருத்தம் அருமை, ஐயா. ஆனால் கவற்றெண் என்று வகுப்பில் சொன்னால், கவறு என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். தாயக்கட்டை என்றால்தான் பிள்ளைகளுக்குத் தெரியும்.

மதுரையிலிருந்து:

சொல்லாமல் விட்டால் எப்போது தெரியும்? ‘கணினி’யையும் ஒருநாள் விளக்கத்தானே வேண்டியிருந்தது?

சென்னையிலிருந்து:

நண்பர்களே, நேரம் போய்விட்டது. ‘போலிச் சமவாய்ப்பு எண்’ என்று அனுப்புகிறேன். ‘எழுமாற்று’ சொல்லடைவில் இணைச்சொல்லாக இருக்கும். தொடக்க எண்ணுக்கு ‘விதை’. அதில் யாருக்கும் மறுப்பு இல்லை.

மதுரையிலிருந்து:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். என் கட்டுரைகளில் கவற்றெண் என்றே எழுதுவேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

கையேட்டின் தலைப்பில் ‘முன்கணிப்பு’ என்று இருக்கிறதே, அதையும் ஒருமுறை பாருங்கள். மழை வரும் என்பது முன்கணிப்பு, பொய்க்கலாம். விதை தெரிந்த பிறகு இந்த எண் பொய்க்காது. ‘முன்னறிதல்’ அல்லவா சரி?